கொலுப்படியாக நின்ற வீடியோ டெக்: ஒரு நிகழ்வு ஆய்வு

பழைய ஒலி, ஒளி நாடாக்களை டிஜிட்டலுக்கு மாற்றித் தருவது என் தொழில். வருகிறவை பெரும்பாலும் கல்யாண வி.எச்.எஸ். கேசட்டுகள், கச்சேரி ஸ்பூல்கள். எப்போதாவது யு-மேட்டிக் என்ற பெரிய வீடியோ கேசட். 2022 ஆகஸ்டில் திருச்சிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு வேலை இவற்றில் எதிலும் சேராதது. இதே மாதிரிப் பெட்டி இன்னும் சில வீடுகளில் இருக்கக்கூடும் என்பதால் நடந்ததை முழுதாக எழுதி வைக்கிறேன். குடும்பத்தின் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். அவர்களை அடையாளம் காட்டும் விவரங்களை விட்டிருக்கிறேன்.

பின்னணி

அழைத்தவர் அறுபதை நெருங்கும் ஒரு பெண்மணி. அப்பா 1960களில் அமெரிக்காவில் படித்து, அங்கேயே சில ஆண்டுகள் வேலை பார்த்து, 1972இல் குடும்பத்தோடு ஊர் திரும்பியவர். கப்பலில் வந்த சாமான்களில் மூடி போட்ட மரப்பெட்டி ஒன்று. அதற்குள் சின்னத் தொலைக்காட்சி, பக்கத்தில் இரண்டு ஸ்பூல் வைக்கும் தட்டு. அப்பா போய்ச் சேர்ந்து பல வருடங்கள் ஆகிவிட்டன. வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டுவதாக முடிவான பிறகுதான் பெட்டியை என்ன செய்வது என்ற கேள்வி எழுந்தது.

"தம்பி, அது கப்பல்லயே கெட்டுப்போச்சு. அம்பது வருஷமா அது மேல துணி விரிச்சு கொலு வைக்கிறோம், அவ்வளவுதான். ஆனா உள்ள அஞ்சு ஸ்பூல் இருக்கு. அம்மா பாடினது ஏதாவது கேட்குமான்னு பாக்கணும்" என்றார். அம்மா இறந்தபோது அவருக்கு வயது ஒன்பது.

ஸ்பூல் என்றதும் நானும் ஒலிநாடா என்றுதான் நினைத்தேன். போட்டோ அனுப்பச் சொன்னேன். ஒரு ஸ்பூலின் பக்கத்தில் தீப்பெட்டியை வைத்து எடுத்திருந்தார். நாடா அகலமாகத் தெரிந்தது. வீடுகளில் இருக்கும் ஒலிநாடாவின் அகலம் கால் அங்குலம். இது அரை அங்குலம். அப்போதுதான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

நம் ஊரில் வீடியோ என்றாலே 1980களின் 'டெக்'தான். டிவியையும் டெக்கையும் ஒரு ராத்திரிக்கு வாடகைக்கு எடுத்து, தெருவே கூடி விடிய விடிய மூன்று படம் பார்த்த காலம். அதற்கு முன்பும் வீட்டு வீடியோ இருந்தது என்பது பலருக்குத் தெரியாது. ஆம்பெக்ஸ் நிறுவனம் 1956இல் சிகாகோவில் காட்டிய முதல் பதிவுக் கருவி இரண்டு அங்குல நாடாவில் ஓடியது. அது தொலைக்காட்சி நிலையங்களுக்கானது. 1963இல் அதே நிறுவனம் டிவி, ரேடியோ, இசைக்கருவி, வீடியோ டெக் எல்லாவற்றையும் ஒரே நீள அலமாரிக்குள் அடக்கி, நீமன் மார்கஸ் கடையின் கிறிஸ்துமஸ் அட்டவணையில் 30,000 டாலருக்குப் போட்டது. சாதாரணக் குடும்பம் நினைத்துப் பார்க்க முடியாத விலை. 1965இல் சோனி கொண்டுவந்த சிவி-2000தான் வீட்டுக்குள் வரக்கூடிய விலையில் வந்தது. அமெரிக்காவில் டெக்குக்கு மட்டும் 695 டாலர். டெக்கையும் டிவியையும் ஒரே மரப்பெட்டியில் வைத்த மாடல்கள் டிசிவி என்ற பெயரில் விற்றன. திருச்சியில் கொலுப்படியாக நின்றது அந்த வகை.

வந்தபோது பார்த்தவை

நான் போய்ச் சேர்வதற்குள் மூன்று காரியங்கள் நடந்து முடிந்திருந்தன.

முதலாவது, பழம்பொருள் வாங்குகிற ஒருவர் வந்து பெட்டியை விலை பேசியிருந்தார். மரம் மட்டும் போதும், உள்ளே இருப்பதை எடைக்குப் போட்டுவிடலாம் என்று அவர் சொல்ல, வெளிநாட்டில் இருக்கும் தம்பியும் சரி என்றுவிட்டார். இரண்டாவது, உள்ளூர் எலக்ட்ரீஷியன் ஒருவர் பரணிலிருந்த பழைய ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மரை மாட்டி ஸ்விட்சைப் போட்டிருந்தார். ஒரு உறுமல், கருகல் வாசனை, உடனே அணைத்துவிட்டார்கள். மூன்றாவதுதான் என்னை வருத்தியது. வீட்டுப் பையன் ஒருவன், படம் தெரிகிறதா என்று பார்க்க, 'அம்மா, கொலு 68' என்று பென்சிலால் எழுதியிருந்த ஸ்பூலை உருவி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்திருக்கிறான். சினிமா பிலிமில் தெரிவதுபோல் காந்த நாடாவில் எதுவும் தெரியாது. தெரியாததால் இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று உருவி, கசங்கிய பகுதியைக் கத்தரித்துப் போட்டுவிட்டான். ஏழெட்டு மீட்டர் இருக்கும் என்றான். இந்த நாடா நொடிக்கு 19 சென்டிமீட்டர் ஓடும். அப்படியானால் போனது ஏறக்குறைய 40 நொடி. குப்பை வண்டி எடுத்துப் போயிருந்தது.

அவனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. யாரும் அவனுக்குச் சொல்லித் தரவில்லை.

பெட்டிக்குள் பெல்ட்டுகள் உருகித் தார்போல் ஒட்டிக் கிடந்தன. நாடாவை அழுத்திப் பிடிக்கும் பிஞ்ச் ரோலர் கல்லாக இறுகியிருந்தது. படத்தைப் பதிந்து படிக்கும் ஹெட்டுகள் சுழலும் உருளையான ஹெட் டிரம்மில் கீறல் இல்லை, இது பெரிய ஆறுதல். ஸ்பூல்களின் ஓரத்தில் வெள்ளைப் பூஞ்சை. பின்பக்கத் தகட்டில் 117 வோல்ட், 60 சைக்கிள் என்று இருந்தது.

அப்புறம் அந்த அம்மாவை உட்காரவைத்து, கப்பலில் கெட்டது என்று எப்படித் தெரியும் என்று கேட்டேன். இந்த வேலையில் நான் கேட்ட உருப்படியான கேள்வி இதுதான் என்று இப்போது தோன்றுகிறது.

"வந்த புதுசுல அப்பா போட்டுக் காமிச்சார். கோடு கோடா சாய்ஞ்சு ஓடிச்சு, படமே நிக்கல. அம்மா பாடினது மட்டும் கேட்டுது, கிணத்துக்குள்ளேர்ந்து வர்ற மாதிரி. 'இது என் குரலா, ஆம்பள பாடற மாதிரின்னா இருக்கு'ன்னு அம்மா சிரிச்சா. அப்பா மூடி வெச்சவர்தான், அப்புறம் தொடவே இல்ல."

கெட்டுப்போன டெக் குரலை அவ்வளவு ஒழுங்காக இறக்கிக் கொடுக்காது.

கணக்கு இது. இந்த வகை டெக்கின் மோட்டார், வருகிற மின்சாரத்தின் சுழற்சியைப் பிடித்துக்கொண்டு ஓடுவது. நாடாவை இழுக்கும் தண்டும் ஹெட் டிரம்மும் அந்த மோட்டாரிலிருந்து பெல்ட் வழியாகவே சுழல்கின்றன. அமெரிக்காவில் நொடிக்கு 60 சுழற்சி, நமக்கு 50. ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வோல்டேஜைக் குறைக்கும், சுழற்சியை மாற்றாது. ஆக டெக் ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் ஓடியிருக்கும். அந்த வேகத்தில் சுருதி ஏறக்குறைய மூன்று ஸ்வரஸ்தானம் இறங்கும். ஐந்து கட்டையில் பாடுகிற பெண் குரல் மூன்று கட்டையில் கேட்கும். படத்தின் வரிகளும் அதே அளவு மெதுவாக வருவதால் டிவி அவற்றைப் பிடிக்க முடியாமல் கோடுகளாகச் சாய்த்துவிடும். அந்த அம்மா சொன்ன இரண்டு அறிகுறிக்கும் காரணம் ஒன்றே.

கப்பலில் எதுவும் கெடவில்லை. 1972இல் அந்த வீட்டுக் கூடத்தில் நின்றது நல்ல டெக்.

அவரிடம் இதைச் சொல்லவா வேண்டாமா என்று சற்று யோசித்தேன். சொன்னேன். வெகுநேரம் பேசாமல் இருந்தார். "அப்பாவுக்குக் கடைசிவரைக்கும் அந்தக் குறை இருந்துது, தம்பி. பத்திரமா கட்டத் தெரியலைன்னு தன்னையே சொல்லிக்குவார்" என்றார்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

பெட்டியை விற்பதை நிறுத்தச் சொன்னேன். தம்பியிடம் போனில் பேசும்போது அவருக்கு இது பிடிவாதமாகப் பட்டது. டெக் போனால் என்ன, ஸ்பூலை வேறு எதிலாவது போட்டுக்கொள்ளலாமே என்றார். முடியாது என்பதுதான் விஷயம். சிவி நாடா சிவி டெக்கில் மட்டுமே ஓடும். 1969இல் வந்த இஐஏஜே என்ற பொதுத்தரமும் அதே அரை அங்குலம், அதே ஏழு அங்குல ஸ்பூல், பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் பதிவு முறை வேறு. நாடாவுக்கு விலை இல்லை, பெட்டிக்குத்தான் விலை என்று பிரித்துப் பார்த்தால் மிஞ்சுவது யாராலும் திறக்க முடியாத ஐந்து ஸ்பூல். மாற்றி முடிக்கும்வரை விற்பதில்லை என்று கடைசியில் ஒப்புக்கொண்டார்.

வீட்டு மின்சாரத்தில் டெக்கை மறுபடி போடுவதில்லை என்பது அடுத்த முடிவு. ஏற்றுமதிச் சாதனங்களைச் சோதிக்கும் ஒரு பட்டறையில், வோல்டேஜையும் சுழற்சியையும் தனித்தனியாகத் திருப்பி வைக்கும் மின்வழங்கி இருந்தது. நண்பர் மூலம் இரவல் கிடைத்தது. இரண்டு வாரத்துக்கு என்று வாங்கி ஆறு வாரம் வைத்திருந்தேன், அவர்களுக்கு நன்றி.

பழுது பார்த்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கருகியது மின்பகுதியின் கண்டென்சர். அதையும் அதன் சகாக்களையும் மாற்றினோம். மின்சாரம் மிகுதியாகப் பாயாமல் தடுக்க ஒரு பல்பைத் தொடராக (சீரிஸ்) இணைத்து, வோல்டேஜைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, பல்ப் மங்கினதைப் பார்த்த பிறகே முழு 117க்குப் போனோம். பெல்ட் ஓடும் பாதையை நூலால் அளந்து, அதில் 5 சதவீதம் குறைத்துப் புது பெல்ட் வெட்டினோம். பிஞ்ச் ரோலருக்குக் கோவையில் ஒருவர் புது ரப்பர் வார்த்துக் கொடுத்தார். வீடியோ ஹெட்டைப் பஞ்சுக் குச்சியால் துடைக்கவில்லை, பஞ்சிழை மாட்டி ஹெட்டின் முனை பெயர்ந்துவிடும். மெல்லிய தோல்துணியில் ஐசோபுரொபைல் ஆல்கஹால் நனைத்து, டிரம் சுழலும் திசையிலேயே துடைத்தோம். பெட்டியின் மரத்தை யாரும் பாலிஷ் போடக்கூடாது என்று சொல்லிவிட்டேன். கொலுவில் சிந்திய எண்ணெய்க் கறை அப்படியே இருக்கிறது.

ஸ்பூல்களின் வரிசைதான் நிறைய யோசிக்க வைத்தது. எல்லோருக்கும் 'கொலு 68'ஐ முதலில் பார்க்க ஆசை. நான் அதை நான்காவதாக வைத்தேன். பழுது பார்த்த டெக்கில் முதலில் ஓடும் நாடாதான் அதிக ஆபத்தைச் சந்திக்கிறது. ஆகவே லேபிளே இல்லாத ஸ்பூல் முதலில், 'டிவி' என்று எழுதியது இரண்டாவது, 'பனி, வீடு' மூன்றாவது. ஐந்தாவது ஸ்பூல் 1971ஆம் ஆண்டது. அதன் அட்டையில் பல்கலைக்கழகம் ஒன்றின் முத்திரை இருந்தது. அப்பா வேலை பார்த்த இடத்தில் வேறு டெக்கில் பதிவானதாக இருக்கலாம் என்று அதை ஒதுக்கி வைத்தேன்.

ஒவ்வொரு ஓட்டமும் கடைசி ஓட்டமாக இருக்கலாம் என்று வைத்துக்கொண்டு, டெக்கின் சிக்னலை, அதன் நேர ஆட்டத்தைச் சரிசெய்யும் டைம் பேஸ் கரெக்டர் வழியாகக் கணினிக்கு அனுப்பினோம். அதே நேரத்தில் பெட்டியின் டிவித் திரையை ஒரு கேமராவும் படம் பிடித்துக்கொண்டிருந்தது. சிவி-2000 நாடாவை மிச்சப்படுத்த ஒரு தந்திரம் செய்கிறது. அமெரிக்கத் தொலைக்காட்சியில் நொடிக்கு 60 அரைப்படங்கள் வரும். இது ஒன்று விட்டு ஒன்றாக 30ஐ மட்டும் பதிந்து, ஓட்டும்போது ஒவ்வொன்றையும் இருமுறை காட்டும். அதனால்தான் ஏழு அங்குல ஸ்பூலில் ஒரு மணி நேரம் கிடைத்தது. ஆனால் இப்படி வரும் சிக்னலை இன்றைய கருவிகள் சந்தேகத்தோடுதான் பார்க்கும். கணினி நடுவில் நீலத்திரை போட்டாலும் கேமரா விடாது என்பதே கணக்கு.

நடந்தது

லேபிள் இல்லாத ஸ்பூலில் பெரும்பாலும் இரைச்சல். இடையில் ஒரு பூனை, கால் நிமிடம். டெக் ஓடுகிறது என்பதற்கு அது போதும்.

'டிவி' ஸ்பூலில் நான் ஒரு தவறு செய்தேன். பத்தாவது நிமிடம் வாக்கில் நாடா கிறீச்சிட ஆரம்பித்தது. போகப்போகச் சரியாகிவிடும் என்று இருபது நொடி ஓடவிட்டேன். நிறுத்திப் பார்த்தால் டிரம்மில் பழுப்புப் பொடி, நாடாவில் நீளக் கீறல். அந்த இருபது நொடி முழுக்க வெள்ளைக் கோடு. கிறீச் கேட்ட அந்தக் கணத்திலேயே நிறுத்தியிருக்க வேண்டும். பூஞ்சையைத் தூரிகையால் தட்டி உறிஞ்சினது போதவில்லை என்பதும் புரிந்தது. மீதி ஸ்பூல்களை முழு நீளமும் மெல்லிய துணியில் மெதுவாக ஓட்டித் துடைத்துவிட்டுத்தான் டெக்கில் ஏற்றினேன், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஹெட்டைத் துடைத்தேன்.

அந்த ஸ்பூலில் இருந்தது ஒரு சிறு நகரத்து நிலையத்தின் மாலைச் செய்தி, வானிலை, உள்ளூர் சோப்பு விளம்பரங்கள். குடும்பத்துக்கு இதில் ஆர்வம் இல்லை. எனக்கு இருந்தது. அந்தக் காலத்தில் நாடா விலை அதிகம், நிலையங்கள் அழித்து அழித்து அதன்மேலேயே பதிந்தன. அன்றாட நிகழ்ச்சிகள் மிஞ்சியிருக்கும் இடம் சில சமயம் இப்படிப்பட்ட வீட்டு ஸ்பூல் மட்டும்தான். கோப்பின் ஒரு பிரதியை அந்த ஊர் நூலகத்துக்கு அனுப்பக் குடும்பம் சம்மதித்தது.

'பனி, வீடு' முழுதாக வந்தது. ஜன்னல் வழியே பனி, நான்கு வயதுக் குழந்தை ஒன்று கண்ணாடியில் மூக்கை அழுத்தி நிற்கிறது. அது யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

'கொலு 68'ஐ ஓட்டும் அன்று அந்த அம்மாவும் பட்டறைக்கு வந்திருந்தார். படம் நடுவிலிருந்துதான் தொடங்கியது, முதல் 40 நொடி இல்லையே. அட்டைப்பெட்டிகளை அடுக்கி வெள்ளை விரிப்புப் போட்ட மூன்று படி. ஏழெட்டு பொம்மைகள், அவற்றுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் வாத்து. புடவையின் மேல் ஸ்வெட்டர் போட்ட இளம்பெண் தரையில் உட்கார்ந்து பாடுகிறார். பல்லவி தொடங்கிவிட்டிருந்தது. சுருதியைச் சரிபார்த்தேன், ஐந்து கட்டைக்குக் கிட்டத்தட்ட. படத்தில் இருநூற்றுச் சொச்சம் வரிகளுக்கான தெளிவுதான், கறுப்பு வெள்ளைதான், ஓரத்தில் இரைச்சல். ஆனால் குரல் சுத்தமாக இருந்தது. பதினோரு நிமிடம்.

அவர் அழுவார் என்று எதிர்பார்த்து நாங்கள் எழுந்து வெளியே போகப் பார்த்தோம். அவர் அழவில்லை. கூடவே முணுமுணுத்துக்கொண்டிருந்தார். முடிந்ததும், "அந்தப் பாட்டு எனக்கு வரும்னு எனக்கே தெரியாது" என்றார்.

இரைச்சலை மென்பொருளால் நீக்கித் தரவா என்று கேட்டேன், ஒரு மாதிரியும் செய்து காட்டினேன். இரைச்சலோடு மூச்சு எடுக்கும் சத்தமும் போய்விட்டிருந்தது. வேண்டாம் என்றார். மூலக் கோப்பு அப்படியே இருக்கிறது.

ஐந்தாவது ஸ்பூலின் முனையை மட்டும் டெக்கில் ஓட்டிப் பார்த்தேன். படம் இல்லை, சாய்ந்த பட்டைகள்தான். இந்த முறை மின்சாரத்தில் தவறில்லை என்று தெரியும், ஆக அது இஐஏஜே. நாடாவும் விரலில் ஒட்டியது. துகள்களைப் பிடித்து வைத்திருக்கும் பசை ஈரத்தை உறிஞ்சிச் சிதைந்தால் இப்படி ஆகும். ஆய்வகச் சூடேற்றியில் 50 டிகிரிக்குச் சற்று மேலே மணிக்கணக்கில் வைத்து எடுத்தால் சில வாரம் ஓட்டக்கூடிய நிலைக்கு வரும். ஆனால் ஓட்ட டெக் இருந்தால்தான் சூடேற்றுவதில் பொருள். ஒரு கல்லூரிச் சேமிப்பறையில் இஐஏஜே டெக் கிடைத்தது, அது நம் ஊர் 50 சுழற்சி, 625 வரிக்கானது. இந்த நாடாவோ 60 சுழற்சி, 525 வரி. ஓட்டிப் பார்க்கலாமே என்று உடன் வேலை செய்பவர் சொன்னார். நான் மறுத்தேன். 1972இல் அந்தக் கூடத்தில் நடந்ததைத்தான் மறுபடியும் செய்வோம், இந்த முறை நாடாவும் உரிந்து போகும்.

அடுத்த முறை மாற்றிச் செய்பவை

முதல் போன் அழைப்பிலேயே மூன்று வாக்கியம் சொல்வேன்: ஸ்விட்சைப் போடாதீர்கள், நாடாவை உருவாதீர்கள், எதையும் விற்காதீர்கள். நான் வந்து பார்க்கிறேன் என்று மட்டும் சொல்லி நான்கு நாள் கழித்துப் போனேன். எலக்ட்ரீஷியன் வந்ததும் நாடா உருவப்பட்டதும் அந்த நான்கு நாளில்தான். 40 நொடி போனதில் என் பங்கும் உண்டு.

வீட்டாரிடம் பழைய கதையைக் கேட்பதை முதல் நாளே, பெட்டியைத் திறப்பதற்கு முன்பே செய்வேன். எப்போது கடைசியாக ஓடியது, என்ன தெரிந்தது, சத்தம் எப்படி இருந்தது. 'கெட்டுப்போச்சு' என்றால் எப்படி என்று கேட்பேன்.

நாடாவைத் துடைப்பதில் அவசரம் காட்டமாட்டேன். கிறீச் கேட்டால் கை தானாக நிறுத்தத்துக்குப் போகும்படி, இப்போது ஓட்டம் முழுக்க ஒருவர் டெக் பக்கத்திலேயே நிற்கிறார், திரையை இன்னொருவர் பார்க்கிறார்.

வீடு இடிபட்டுவிட்டது. பெட்டியை விற்கவில்லை. பக்கத்து நகரத்தில் மகளின் வாடகை வீட்டுக் கூடத்தில் இருக்கிறது, அந்த வருட நவராத்திரிக்கும் அதன் மேல்தான் கொலு வைத்தார்கள். ஐந்தாவது ஸ்பூல் என்னிடம் இருக்கிறது. காற்றுப் புகாத டப்பாவில், நிமிர்த்தி, சிலிக்கா ஜெல் பையோடு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை பையை மாற்றுகிறேன். 60 சுழற்சி இஐஏஜே டெக் ஒன்றைத் தேடிக்கொண்டிருக்கிறேன், கிடைத்ததும் சூடேற்றுவோம்.